பதினொரு மாத ஒப்பந்தம் எதைக் காக்கும், எதைக் காக்காது: வீட்டை வாடகைக்கு விடுபவர்களுக்கு

தமிழ்நாட்டில் வீட்டை வாடகைக்கு விடும் பலரும் யோசிக்காமல் செய்யும் காரியம், பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தம் போடுவது. ஏன் பதினொன்று என்று கேட்டால், "ஒரு வருஷம் முழுசா போட்டா அவங்களுக்கு உரிமை வந்துடும்" என்பார்கள். "பன்னிரண்டு வருஷம் இருந்துட்டா வீடே அவங்களுக்குப் போயிடும்" என்று இன்னும் ஒரு படி மேலே போய்ப் பயமுறுத்துபவர்களும் உண்டு. இரண்டும் தவறு. இந்தத் தவறான பயத்தால்தான் பலர் உண்மையான ஆபத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க வந்ததுதான் பதினொரு மாத வழக்கம். அதற்கும் வீட்டின் உரிமைக்கும் சம்பந்தமே இல்லை. பன்னிரண்டு ஆண்டு விஷயமும் அப்படித்தான். ஒருவர் அடுத்தவர் சொத்தை, உரிமையாளரின் உரிமையை மறுத்து, தன்னுடையது என்று வெளிப்படையாகப் பன்னிரண்டு ஆண்டு அனுபவித்தால்தான் எதிரிடை அனுபவ உரிமை என்ற பேச்சே வரும். வாடகை கொடுத்துக் குடியிருப்பவர், மாதாமாதம் வீட்டுக்காரரின் உரிமையை ஒப்புக்கொண்டே இருக்கிறார். வாடகைக் காலத்தில் அவர் "இது உங்கள் வீடே இல்லை" என்று வாதாடுவதைச் சாட்சியச் சட்டமும் அனுமதிப்பதில்லை. முப்பது ஆண்டு இருந்தாலும் அவர் வாடகைதாரர்தான். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வாடகை உறவு முடிந்த பிறகும் ஆள் காலி செய்யாமல் இருக்க, வாடகையும் வாங்காமல் வழக்கும் போடாமல் பன்னிரண்டு ஆண்டு சும்மா இருந்துவிட்டால், வீட்டை மீட்க வழக்குப் போடும் காலக்கெடு தாண்டிவிடும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில், 2017-இல் இயற்றப்பட்ட சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நகர்ப்புறங்களில் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் 'நியாய வாடகை' நிர்ணயிக்கும் வழக்குகளே பல ஆண்டுகள் ஓடின. புதிய சட்டம் வாடகை எவ்வளவு என்பதை இரு தரப்புக்கும் விட்டுவிட்டது. பதிலுக்கு, எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை இந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் 90 நாளுக்குள் பதிய வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தமானாலும் இதிலிருந்து விலக்கு இல்லை. சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேறு, வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு. முதலாவது தேவைப்படாத ஒப்பந்தத்துக்கும் இரண்டாவது தேவை. பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 4ஏ பிரிவு சொல்கிறது. நோட்டரி முத்திரை குத்தி பீரோவில் வைத்திருக்கும் தாள், தகராறு வரும் நாளில் பெரும்பாலும் கை கொடுக்காது.

பதிவை அரசின் இணையதளத்திலேயே செய்யலாம். இரு தரப்பின் அடையாளச் சான்று, புகைப்படம், சொத்து உங்களுடையது என்பதற்கான ஆவணம், கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆகியவற்றை முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பதிவு முடிந்ததும் கிடைக்கும் பதிவு எண்ணை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் குறித்து, வாடகைதாரருக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இதையும் மறக்காமல் செய்ய வேண்டும். முதல் முறை பதிந்துவிட்டு, பதினொரு மாதம் கழித்து வாய்மொழியாக "அப்படியே தொடருங்க" என்று சொல்லிவிடுபவர்கள்தான் பிறகு அதிகம் அவதிப்படுகிறார்கள்.

அட்வான்ஸ்

வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற அந்த வாசல் திறந்திருப்பதால், பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழைய சென்னை வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நிறைய அட்வான்ஸ் வாங்கினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் திருப்பிக் கொடுக்கும் நாளை யோசிப்பதில்லை. வாடகை 15,000 ரூபாய், அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் மகள் கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ செலவாகியிருக்கும். வாடகைதாரர் இரண்டு மாத அவகாசம் கொடுத்துக் காலி செய்கிறேன் என்றால், அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுக்கும் வரை இவரை அனுப்ப முடியாது. அவரோ "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று வாடகை கொடுக்காமல் உட்கார்ந்துவிடுவார். குறை சொல்லவும் முடியாது; அவர் பணம் உங்களிடம்தானே இருக்கிறது.

மூன்று மாத வாடகையோடு நிறுத்தி, அதை ஓராண்டு வைப்புத்தொகையாகத் தனியே போட்டு வைப்பதே நல்லது. சேதம், மின்கட்டணப் பாக்கி எல்லாவற்றுக்கும் அது போதும், வாடகை மட்டும் நேரத்துக்கு வந்தால். அதனால் "கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழிக்கக் கூடாது" என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். அட்வான்ஸை வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள டெபாசிட்டை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. எத்தனை மாத அட்வான்ஸ் என்ற தகராறில் வங்கிக் கணக்குதான் தெளிவான சாட்சியும்கூட.

வாடகை வாங்காமல் மொத்தமாக ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு வீட்டை 'லீஸ்'க்கு விடுவதும், போக்கியத்துக்கு விடுவதும் நம் ஊரில் பரவலாக உண்டு. அந்தத் தொகை உங்கள் கையில் இருக்கும் கடன் என்பதை மறக்க வேண்டாம். முடியும் நாளில் ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ ஒரே தவணையில் புரட்ட முடியும் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். அடமானமாகக் கொடுக்கும் போக்கியத்தைப் பதியாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வது இரு தரப்புக்குமே ஆபத்து.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

கணினி மையங்களில் கிடைக்கும் ஆயத்த ஒப்பந்தங்களில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றுவார்கள். சண்டை வரும் இடங்கள் எதுவும் அதில் இருக்காது. வாடகை உயர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குப் போட்ட ஒப்பந்தத்தில் உயர்வு எவ்வளவு, எப்போது என்று எழுதியிருந்தால்தான் நடுவில் உயர்த்தலாம். "ஆண்டுக்கு 5 சதவீதம்" என்று எழுதியிருந்தால் 15,000 ரூபாய் வாடகை அடுத்த ஆண்டு 15,750 ஆகும், பேச்சே தேவையில்லை. எழுதாமல் விட்டுவிட்டு ஆயிரம் ரூபாய் கூட்டிக் கேட்கும்போதுதான் மனக்கசப்பு தொடங்குகிறது.

பெயின்ட் இன்னொன்று. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்ட் செலவுக்கென்று பிடித்துக்கொள்வது இங்கே ஊர் வழக்கம். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையோ சுவருக்கு வெள்ளை அடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதையும் வீட்டுக்காரர் கணக்கில்தான் வைத்திருக்கிறது. பழுது எது யாருடைய பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் பேசிக்கொள்ள இடம் உண்டு. ஆகவே பெயின்ட் பணம் பிடிப்பதாக இருந்தால், எத்தனை ஆண்டுக்குள் காலி செய்தால் எவ்வளவு என்று முன்பே எழுதுங்கள். ஐந்தாண்டு குடியிருந்தவரிடம் பெயின்டுக்குப் பிடிப்பது நியாயமும் இல்லை. அத்தனை ஆண்டில் யார் இருந்தாலும் சுவர் மங்கும்.

குடியேறும் நாளில் ஒரு பொருள் பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மின்விசிறி 3, டியூப்லைட் 4, கீசர் 1 என்று எண்ணிக்கை மட்டும் எழுதினால் போதாது. ஹாலில் உள்ள விசிறிக்கு ரெகுலேட்டர் வேலை செய்கிறதா, குளியலறைக் கதவின் அடிப்பகுதி உப்பியிருக்கிறதா, சமையல் மேடைக் கிரானைட்டில் ஏற்கெனவே விரிசல் உண்டா, எந்தெந்தப் பூட்டுக்கு எத்தனை சாவி என்று எழுத வேண்டும். கூடவே ஒவ்வொரு அறையாக ஒரு வீடியோ எடுத்து, அன்றைக்கே வாட்ஸ்அப்பில் வாடகைதாரருக்கு அனுப்பிவிடுங்கள். தேதியோடு இருவர் கையிலும் இருக்கும். எத்தனை பேர் குடியிருப்பார்கள், உள்வாடகைக்கு விடக் கூடாது, வண்டி எங்கே நிறுத்துவது, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு ஆகியவையும் எழுத்தில் வரட்டும்.

ஈ.பி. மீட்டர்

வீட்டுக்காரரும் வாடகைதாரரும் அதிகம் முட்டிக்கொள்வது மின்கட்டணத்தில். ஒரே இணைப்பில் இரண்டு மூன்று போர்ஷனுக்கு சப் மீட்டர் வைத்துவிட்டு, யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டுக்காரரே விலை வைப்பது வழக்கம். அந்த விலை ஏன் மின்வாரிய விலையைவிட அதிகம் என்று வாடகைதாரர் கேட்பார். வீட்டுக்காரருக்கோ உண்மையிலேயே பில் எகிறியிருக்கும். காரணம் கட்டண அடுக்குகள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை மிக மலிவு, அதன் பிறகு விலை ஏறிக்கொண்டே போகும். மொத்தப் பயன்பாடு 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரை இருந்த அந்த மலிவு விலையும் போய்விடும். இரண்டு மாதத்தில் 240 யூனிட் செலவழிக்கும் மூன்று குடும்பங்கள் தனித்தனி இணைப்பில் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் 100 இலவசம், 100 மலிவு, மீதி 40-க்குத்தான் அடுத்த விலை. அதே மூன்று குடும்பமும் ஒரே இணைப்பில் இருந்தால் 720 யூனிட். இலவசம் ஒரு முறைதான், மலிவு அடுக்கு கிடையாது, கடைசி 220 யூனிட் மேல் அடுக்குகளில் விழும். ஒருவரும் கூடுதலாக ஒரு விளக்குகூடப் போடாமலே பில் இப்படி வீங்குகிறது.

தனிச் சமையலறை, தனி வழி, தனி வயரிங் உள்ள போர்ஷனுக்குத் தனி இணைப்பு வாங்கிவிடுவதே தீர்வு. மோட்டார், மாடிப்படி விளக்கு போன்ற பொதுச் செலவைப் பராமரிப்புக் கட்டணமாக, மாதம் இவ்வளவு என்று நிலையான தொகையாக வைத்துவிடலாம். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுப்பதால், வாடகைதாரர் வரும் நாளிலும் போகும் நாளிலும் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால், அவர் விட்டுப்போகும் பாக்கி உங்கள் தலையில்தான் விழும்.

பழுது யார் பொறுப்பு

கட்டடக் கட்டமைப்புப் பழுது, குழாய் மாற்றுவது, உள்ளும் வெளியும் மின் வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கமோட், வாஷ்பேசின், கீசர் பழுது, சுவிட்ச், சாக்கெட், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை ஆகியவை வாடகைதாரர் பொறுப்பு. வீட்டுக்காரர் தன் பங்கைச் செய்ய மறுத்தால், வாடகைதாரரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்க முடியாது.

அடுக்கு வீடுகளில் மிக அதிகம் வரும் புகார் கூரையில் ஈரம். மழை பெய்த ஓரிரு நாளில் கறை விரிந்து, வெயில் காலத்தில் காய்ந்தால் மொட்டை மாடியில்தான் கோளாறு. கோடையிலும் காயாமல், மேல் வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே இருந்தால் அங்கிருந்துதான் கசிகிறது. உறுதி செய்ய, மேல் குளியலறையின் வடிகால் வாயை அடைத்து, தரையில் இரண்டு அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்திக் கீழே பாருங்கள். பெரும்பாலும் நஹானி டிராப்பை, அதாவது தரையில் தண்ணீர் இறங்கும் வடிகால் குழியை, சுற்றியுள்ள இணைப்பும், டைல்ஸ் இடுக்கில் உதிர்ந்த சிமென்டும்தான் காரணமாக இருக்கும். அந்த இணைப்பைத் திறந்து நீர்த்தடுப்புப் பூசி, இடுக்குகளை எபாக்ஸியால் அடைத்தால் தீரும். அதைச் செய்யாமல் கீழே கூரையில் மட்டும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் மறுபடி உரியும், கம்பி துருப்பிடித்துக் காரை விழும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் முன் மொட்டை மாடி மழைநீர்க் குழாய் வாய்களில் உள்ள சருகையும் மண்ணையும் அள்ளிவிடுவது, இந்தச் செலவில் பாதியைத் தவிர்க்கும்.

மின் பாதுகாப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் கசிவுமின் தடுப்பான் ஒன்றை மெயின் போர்டில் போட்டு, மாதம் ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கும்படி வாடகைதாரரிடம் சொல்லுங்கள். கீசரும் வாஷிங் மெஷினும் இருக்கும் இன்றைய வீட்டில் எர்த் சரியில்லாமல் ஆளைக் குடிவைப்பது உயிரோடு விளையாடுவது.

பழுது பார்க்க உள்ளே போவதாக இருந்தால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். வீடு உங்களுடையதுதான், ஆனால் அங்கே வாழ்வது அவர்கள். மாற்றுச் சாவியைப் போட்டுத் திறப்பதைப் போல் உறவைக் கெடுப்பது வேறில்லை.

வாடகை வராவிட்டால்

இரண்டு மாத வாடகை நின்றுவிட்டால் வீட்டைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. முதலில் எந்த மாதம், எவ்வளவு பாக்கி என்று கணக்கோடு எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள், ஒப்புகையோடு தபாலில். அறிவிப்பு கிடைத்து ஒரு மாதத்துக்குள் அவர் முழுப் பாக்கியையும் வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணத்தால் வெளியேற்ற முடியாது. கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனு. அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விட்டது, அறிவிப்புக்குப் பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்தியது, சொந்த உபயோகத்துக்குத் தேவை போன்றவையும் காரணங்கள். பழைய வாடகைதாரரோடு எழுத்து ஒப்பந்தம் போட முடியாமல் போனதே 21-ஆம் பிரிவின்படி ஒரு காரணம். எனவே பல்லாண்டு வாய்மொழியில் ஓடும் வாடகைக்கு, முதல் வேலையாக ஒப்பந்த வரைவை எழுத்தில் அனுப்பிக் கையெழுத்துக் கேளுங்கள்.

கோபத்தில் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, வேறு பூட்டுப் போடுவது எல்லாம் உங்கள் வழக்கை நீங்களே கெடுத்துக்கொள்வது. அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று 20-ஆம் பிரிவு வெளிப்படையாகத் தடுக்கிறது. புகார் போனால் உடனே திரும்பக் கொடுக்க உத்தரவு வரும். பாக்கி வைத்தவர் பாதிக்கப்பட்டவராகிவிடுவார். சண்டை நடக்கும்போது "உன் வாடகையே வேண்டாம்" என்று மறுப்பதும் அப்படித்தான். நீங்கள் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்ட அவருக்கு வழி இருக்கிறது, அதன் பிறகு பாக்கி என்று வாதிட முடியாது. வாங்கிக்கொண்டு, எந்த மாதத்துக்கு என்று குறிப்பிட்டு ரசீது கொடுங்கள்.

போலீஸ் படிவமும் வருமான வரியும்

ஆதார் நகல், வேலை செய்யும் இடம், சொந்த ஊர் முகவரி, அவசரத்துக்கு அழைக்க ஒரு உறவினர் எண் ஆகியவற்றை வாங்கி, காவல் நிலையத்தில் வாடகைதாரர் விவரப் படிவம் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டவரைக் குடிவைத்தால் அவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கு அறை விடுபவர்கள் இதைத் தவறவிடவே கூடாது.

வருமான வரியில், ஆண்டு வாடகையில் அந்த ஆண்டு உண்மையில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழிக்கலாம். அதற்கு ரசீது தேவையில்லை. மாதம் 15,000 என்றால் ஆண்டுக்கு 1,80,000. சொத்து வரி 6,000 போக 1,74,000. அதில் 30 சதவீதம் 52,200. வரிக்குரிய வருமானம் 1,21,800. பெயின்ட், பிளம்பர் பில்களைத் தனியே கழிக்க முடியாது. வாடகை மாதம் 50,000-க்கு மேல் போனால் வாடகைதாரர் 2 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். வீட்டுக்காரர் சிங்கப்பூரிலோ துபாயிலோ வசிக்கும் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் வரம்பே இல்லை. சிறு வாடகையானாலும் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிக்கும் பொறுப்பு வாடகைதாரர் மேல் விழும். இதை இருவருமே அறியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிட்டு, நோட்டீஸ் வரும்போது ஒருவரையொருவர் பழிப்பது வழக்கமாகிவிட்டது. ஒப்பந்தத்திலேயே வீட்டுக்காரரின் வரி நிலையை எழுதிவிட வேண்டும்.

காலி செய்யும் நாளில் பொருள் பட்டியலையும் பழைய வீடியோவையும் வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து அறை அறையாகப் பாருங்கள். சாவிகளை எண்ணி வாங்கியதற்கும், மீட்டர் ரீடிங்குக்கும், பிடித்தம் செய்யும் ஒவ்வொரு தொகைக்கும் காரணத்தோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, நகல் கொடுங்கள். ஆணி அடித்த ஓட்டையும் மங்கிய சுவரும் சாதாரணத் தேய்மானம். உடைந்த வாஷ்பேசினும் காணாமல் போன விசிறியும் பிடித்தத்துக்கு உரியவை. மீதி அட்வான்ஸை, வீட்டைத் திரும்பப் பெற்ற ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். மின்கட்டணத்தை ரீடிங் வைத்து அன்றே கணக்கிட்டு விடலாம் என்பதால், அவ்வளவு நாள் காக்கவைக்கத் தேவையும் இருக்காது.